ஓவர்டைம் கணக்கில் இடிப்பது பெருக்கல் இல்லை, வரிசை

ஓவர்டைம் தப்பாக வந்தால் யூனியன் நிர்வாகத்தைத் திட்டும், நிர்வாகம் சம்பளத்தைக் கணக்கிடும் சாப்ட்வேரைத் திட்டும். சாப்ட்வேருக்குப் பெருக்கத் தெரியாததால் இந்தத் தப்பு வருவதில்லை. யூனியனும் நிர்வாகமும் போட்ட ஒப்பந்தத்தில் பத்து ஷரத்து இருக்கும். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று பல நேரம் எழுதியிருக்காது. அந்த வரிசையை யாரோ ஒருவர் செட்டிங் பக்கத்தில் டிக் அடித்து முடிவு செய்துவிடுகிறார். சண்டையின் வேர் அந்த டிக்கில்தான் இருக்கிறது.

சாதாரணமான ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 8 மணி நேரம் தாண்டினால் ஓவர்டைம், வாரத்துக்கு 40 தாண்டினாலும் ஓவர்டைம். ஒருவர் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் 10 மணி நேரம், வியாழன், வெள்ளி 8, சனி 5. மொத்தம் 51. நாள் கணக்கில் ஓவர்டைம் 6, வாரக் கணக்கில் 11. இரண்டையும் கூட்டி 17 போட்டால் ஒரே மணி நேரத்துக்கு இரண்டு முறை கூடுதல் கொடுத்ததாகிவிடும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன. சரியான வழி: நாள் ஓவர்டைமாகப் போன 6 மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு, சாதா நேரத்தை மட்டும் வாரக் கணக்கில் ஏற்ற வேண்டும். சாதா நேரம் 45. அதில் 40 தாண்டியது 5. ஆக மொத்த ஓவர்டைம் 11.

இப்போது அந்த வியாழன் சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். வேலை செய்த நேரத்தை மட்டும் எண்ணினால் சாதா நேரம் 37தான். சனிக்கிழமை 5 மணி நேரமும் சாதா சம்பளத்துக்குப் போய்விடும். சம்பளம் கொடுத்த நேரத்தை எண்ணினால் அந்த ஐந்தும் ஓவர்டைம். விடுப்பு, விடுமுறை, பயிற்சி, குறைந்தபட்ச அழைப்பு நேரம் (கூப்பிட்டு வந்தவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தாலும் கொடுக்கும் சம்பள நேரம்) என ஒவ்வொரு வகைக்கும் ‘வார வரம்பில் சேருமா’ என்ற தனிக் கேள்வி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைப் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

நாள் எப்போது தொடங்குகிறது என்பது அடுத்த வம்பு. மாலை 6க்கு ஏறி அதிகாலை 4க்கு இறங்கும் ஷிப்டை நள்ளிரவில் வெட்டினால் 6, 4 என்று இரண்டு துண்டாகும், ஓவர்டைம் பூஜ்யம். ஷிப்ட் தொடங்கிய நாளோடு சேர்த்தால் 10 மணி நேரம், ஓவர்டைம் 2. எந்தத் துண்டு எந்த வாரத்தில் விழுகிறது என்பதும் இதிலேயே மாறும்.

பணம் மொத்தமாகப் போவது ஓய்வு இடைவெளி விதியில். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் 10 மணி நேரம் ஓய்வு வேண்டும், சாதா சம்பளம் மணிக்கு 100 என்று வைப்போம். இரவு 11க்கு இரட்டைச் சம்பளத்தில் முடித்தவரை காலை 7க்கு 8 மணி நேர வேலைக்குக் கூப்பிட்டால் ஓய்வு 2 மணி நேரம் குறைகிறது. சில ஒப்பந்தங்களில் குறைந்த அந்த 2 மணி நேரத்துக்கு மட்டும் இரட்டை: 400, மீதி 600, மொத்தம் 1000. வேறு சிலவற்றில் முழு ஓய்வு கிடைக்கும்வரை முந்தைய விகிதமே தொடரும்: 8 மணி நேரமும் இரட்டை, 1600. அவரை 9 மணிக்குக் கூப்பிட்டிருந்தால் வெறும் 800. ஷிப்டை இழுத்துப் போடும் திரையிலேயே இந்த வித்தியாசத்தைக் காட்டாத சாப்ட்வேர் எதற்கு? மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலில் பார்த்துத் தலையில் கை வைப்பதற்கா?

ஒன்றரை மடங்கு என்றால் எதன் ஒன்றரை? மணிக்கு 100 சம்பளத்தோடு இரவுப் படி மணிக்கு 10 இருந்தால், படியைச் சேர்த்துப் பெருக்கினால் 165. பெருக்கிவிட்டுப் படியைச் சேர்த்தால் 160. ஒரே ஆள் இரண்டு விகிதத்தில் வேலை செய்தால் இன்னும் சிக்கல். ஒரு வாரத்தில் மணிக்கு 100 வீதம் 30 மணி நேரம், பிறகு மணிக்கு 130 வீதம் 16 மணி நேரம். நாள் வரம்பு இல்லை, வார வரம்பு மட்டும் என்றால் ஓவர்டைம் 6. சாதா கூலி 5080. 46ஆல் வகுத்த சராசரி விகிதத்தில் கூடுதல் பாதி சுமார் 331. கடைசியாகச் செய்த வேலையின் விகிதத்தில் 390. அவருடைய சொந்தப் பதவி விகிதம் 100 என்றால், அதில் 300. மூன்றுமே ‘ஒன்றரை மடங்கு’தான்.

சம்பளத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத இன்னொரு கணக்கும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அடுத்த ஓவர்டைம் யாருக்கு என்று சொல்லும் பங்கீட்டுப் பட்டியல். குறைவான நேரம் ஏறியிருப்பவருக்கு முதல் வாய்ப்பு. கூப்பிட்டும் வரமாட்டேன் என்றவருக்கு அந்த நேரத்தை வேலை செய்தது போலவே பட்டியலில் ஏற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இல்லாவிட்டால் மறுத்துக்கொண்டே இருப்பவர் எப்போதும் முதலிடத்தில் நிற்பார். ஏற்றுவது வேலை செய்த நேரமா, சம்பளம் பெற்ற நேரமா? இரட்டைச் சம்பளத்தில் 8 மணி நேரம் என்றால் 8 ஏறுமா, 16 ஏறுமா? போனை எடுக்காதவர் மறுத்தவரா? புதிதாகச் சேர்ந்தவரைப் பூஜ்யத்தில் வைத்தால் எல்லா ஓவர்டைமும் அவருக்கே போகும். அதனால்தான் பல இடங்களில் குழுவின் சராசரியில் வைப்பார்கள். பட்டியலில் ஒரு பதிவு தப்பினால் தவறான ஆளுக்கு வேலை போகும், தவறவிட்டவருக்கு இழப்பீடு கேட்டு மனு வரும். கூப்பிட்ட நேரமும் கிடைத்த பதிலும் பதிவாகாத சாப்ட்வேரை இதற்கு நம்பவே கூடாது.

ரவுண்டிங் சின்ன விஷயம், ஆனால் தினமும் நடப்பது. 2 மணி 2 நிமிடம் கொண்ட மூன்று துண்டுகளை 6 நிமிட அளவுக்குத் தனித்தனியாக மேலேற்றினால் 6.3 மணி நேரம். கூட்டிவிட்டுப் பார்த்தால் 6.1.

புது ஒப்பந்தம் முன்தேதியிட்டு அமலானால் பழைய விதியை அழித்துவிட்டு எழுதாதீர்கள். ஒவ்வொரு விதிக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி வைத்தால்தான் பழைய வாரங்களைத் திரும்பக் கணக்கிட்டு நிலுவையைச் சொல்ல முடியும். ஒவ்வொரு ஓவர்டைம் வரிக்கும் பக்கத்தில் எந்த ஷரத்து, எந்த வரம்பு, எந்த விகிதம் என்று அச்சாக வேண்டும் என்று யூனியன் கேட்டு வாங்க வேண்டும். சாப்ட்வேரை ஏற்றுக்கொள்ளும் முன் இரு தரப்பும் உட்கார்ந்து இருபது வாரங்களைக் கையால் கணக்குப் போட்டு ஒப்பிடட்டும். கடிகாரத்தை மாற்றும் வழக்கமுள்ள நாடு என்றால், அந்த இரவில் 10 முதல் 6 வரையான ஷிப்ட் ஒரு முறை 7 மணி நேரமாகவும் இன்னொரு முறை 9 மணி நேரமாகவும் வரும். அந்த இரண்டு வாரமும் இருபதுக்குள் இருக்கட்டும்.