ஆமாம், நான் சும்மாதான் நடக்கிறேன்

நம் பழைய வகுப்புத் தோழர்கள் கூட்டத்தில் என்னை மேடையில் கேலி செய்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்தாயிற்று என்று தெரிகிறது. எனக்கே எத்தனையோ பேர் அனுப்பியிருக்கிறீர்கள், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்தோடு. அதனால் என்ன நடந்தது என்று மறுபடி விளக்கப் போவதில்லை. பார்க்காதவர்கள் பார்க்காமலே இருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் இல்லை. பழைய வகுப்புத் தோழர்கள் கூடும் இடத்தில் கேலி இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒருவர் மைக்கை நீட்டி "இப்போ என்ன பண்றே?" என்று கேட்டால், என்ன செய்கிறேனோ அதைத்தானே சொல்ல முடியும்? வேலையைச் சொன்னேன். அப்புறம், சாயங்காலம் தெருவில் நடப்பேன், மவுத் ஆர்கன் கற்றுக்கொள்கிறேன், லீவு நாளில் காரை எடுத்துக்கொண்டு சும்மா ஒரு சுற்று போய்வருவேன் என்றும் சொன்னேன். அதற்குத்தான் நம் ஊக்கப் பேச்சாளர் "இதெல்லாம் ரிட்டையர் ஆனவங்க பண்றது. பெரிசா எதுவும் பண்ணாதவங்க தோல்விக்குச் சுத்தற கலர் பேப்பர்தான் இந்தச் சின்ன சந்தோஷம்" என்றார். கைத்தட்டல் வேறு.

கலர் பேப்பர். சரி.

நான் நடப்பது எனக்குப் பிடித்திருப்பதால். இந்த ஒரு வரியோடு பதிவை முடித்துவிடலாம். ஆனால் இதைப் புரிந்துகொள்ள ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. நடக்கிறேன் என்றால் உடனே "எத்தனை ஸ்டெப்ஸ்?" என்கிறார்கள். பத்தாயிரம் போகவில்லை என்றால் நடக்கவே இல்லை என்கிற மாதிரி ஒரு பார்வை. அந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவ ஆராய்ச்சியிலிருந்தும் பிறந்ததில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளக்கும் கருவிக்கு வைத்த பெயரில் இருந்த எண் அது. விற்பனைக்காக யாரோ வைத்த எண்ணை இத்தனை வருடங்கள் கழித்து என் தலையில் கட்டுகிறார்கள். என் நடையை எண்ணுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

"தினம் அதே தெருதானே, என்ன இருக்கு அதில்?"

நிறைய இருக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் இறங்குகிற நேரத்தில் எதிர்ப்பக்கம் நிலா ஏறும். மறுநாள் அதே நேரத்துக்குப் போய் நின்றால் நிலா இருக்காது. ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும். அதற்கு மறுநாள் இன்னும் தாமதம். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்து மார்க்கும் வாங்கினேன். நிஜத்தில் பார்த்தது இந்தத் தெருவில்தான். வருடத்தின் ஒரு சமயத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம் மறைகிற சூரியன், சில மாதத்தில் தொட்டியைத் தாண்டி வலப்பக்கம் போயிருக்கும். தினமும் போகிறவருக்குத்தான் அது தெரியும். சுற்றுலா வந்து ஒருநாள் நின்றுவிட்டுப் போகிறவருக்குத் தெரியாது. அப்புறம், மூலைவீட்டு மதில் மேல் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும். முதலில் என்னைப் பார்த்ததும் ஓடும். பிறகு ஓடாமல் முறைத்தது. இப்போது முறைப்பதுகூட இல்லை, என்னை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. இதைச் சம்பாதிக்க எனக்கு எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? இதற்கு எந்த மேடையில் விருது கொடுக்கிறார்கள்?

அந்தப் பேச்சாளர் தான் போய்வந்த நாடுகளின் பட்டியலைப் போட்டுக் காட்டினார், பார்த்தீர்கள்தானே. எனக்குப் பொறாமை என்று சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். 2010இல் நெதர்லாந்தில் 1500க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். விடுமுறைப் பயணம் போனவர்கள், போகாதவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தது போவதற்கு முன்னால்தான். போகப் போகிறோம் என்கிற எதிர்பார்ப்பு. திரும்பி வந்தபிறகு, மிக நிம்மதியான விடுமுறை வாய்த்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கும் வீட்டிலேயே இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயணம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. காசும் லீவும் கிடைத்தால் நானும் போவேன். ஆனால் எதிர்பார்ப்புதான் பாதி சந்தோஷம் என்றால், எனக்குத் தினமும் சாயங்காலம் இருக்கிறது எதிர்பார்க்க.

சார்லஸ் டார்வினை எடுத்துக்கொள்ளுங்கள். 1831இலிருந்து 1836 வரை கப்பலில் உலகத்தைச் சுற்றினார். திரும்பிய பிறகு பிரிட்டனை விட்டு வெளியே போகவே இல்லை. 1842இல் கென்ட் பகுதியில் ஒரு கிராமத்து வீட்டுக்குக் குடிபோனவர் கடைசிவரை, 40 வருடம், அங்கேயே இருந்தார். வீட்டுத் தோட்டத்தைத் தாண்டி ஒரு சின்னத் தோப்பைச் சுற்றிச் சரளைப் பாதை போட்டுக்கொண்டு தினமும் அதிலேயே நடந்தார். எத்தனை சுற்று என்று தெரிய வழியில் கற்களைக் குவித்து வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைத் தட்டிவிடுவாராம். 1881இல் அவர் கடைசியாக வெளியிட்ட புத்தகம் மண்புழுக்களைப் பற்றியது. தோட்டத்து மண்புழு! அதற்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வீட்டில் விசில் ஊதினார்கள், பியானோ வாசித்தார்கள், பாசூன் என்கிற பெரிய குழலை ஊதிக் காட்டினார்கள். புழு அசையவில்லை. புழு இருந்த மண்தொட்டியைப் பியானோ மேலேயே வைத்துக் கட்டையை அழுத்தியபோதுதான் அதிர்வு தாங்காமல் வளைக்குள் ஓடியது. நம் பேச்சாளர் அந்த வீட்டுக்கு மைக்கோடு போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "சார், உலகம் சுத்தின ஆளு, இப்போ மண்புழுவுக்குக் கச்சேரியா?"

"அவர் டார்வின், நீ டார்வினா?" என்று கேட்கப் போகிறீர்கள். இல்லை. ஆனால் கேள்வியைக் கவனியுங்கள். அவர் சாதித்தவர், அதனால் அவர் நடக்கலாம். நான் சாதிக்காதவள், அதனால் நடந்தால் அது தோல்வி. அப்படியானால் நடப்பதற்குத் தகுதித் தேர்வு எங்கே வைக்கிறீர்கள்?

மவுத் ஆர்கன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அதிகம் சிரித்தீர்கள். பத்துத் துளை உள்ள சாதாரண வாத்தியம். வாயில் வைத்து ஊதினால் இரண்டு மூன்று சுரம் ஒன்றாகக் கத்தும். ஒரே துளையில் காற்று போகிற மாதிரி உதட்டைக் குவிக்கப் பழகுவதே ஒரு வேலை. நான்காம் துளையில் ஊதினால் ச, உறிஞ்சினால் ரி. ஐந்தில் ஊதினால் க, உறிஞ்சினால் ம. ஆறில் ப, த. இதுவரைக்கும் சுகம். ஏழாம் துளையில் எல்லாம் தலைகீழ்! அங்கே முதலில் உறிஞ்ச வேண்டும், நி வரும், பிறகு ஊதினால்தான் மேல் ச. அதாவது த, நி இரண்டுக்கும் அடுத்தடுத்து மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், அதுவும் துளை மாறி. பழகிய வாய் கேட்காது. அது ஒருமுறை தடுக்காமல் வந்த சாயங்காலம் எனக்கு ஆபீசில் கிடைத்த எந்தப் பாராட்டையும்விடப் பெரிசு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அப்படி இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

இதைச் சொன்னதும் ஒருவர், நல்ல மனசோடுதான், "சேனல் ஆரம்பிக்கலாமே, நாலு காசு வருமே" என்றார். எதற்கு? 1973இல் அமெரிக்காவில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் வரைவதில் ஆசை உள்ள குழந்தைகளில் சிலரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுத்தும் விட்டார்கள். சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை வைத்துவிட்டுக் கவனித்தால், சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசு என்று சொல்லியே விளையாட்டை வேலையாக மாற்றிவிட்டார்கள். எனக்கு ஏற்கனவே ஒரு வேலை இருக்கிறது. அதில் போதுமான அளவு களைத்துப்போகிறேன். இருக்கிற ஒரே விளையாட்டையும் பிடுங்காதீர்கள்.

அடுத்தது கார். "நடையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு காரில் வெட்டியாகச் சுற்றலாமா? சுற்றுச்சூழல்?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். நியாயம்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். எனக்கும் தெரியும். ஆனால் விமானத்தில் நாடு நாடாகப் போகிறவரிடம் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் என் பழைய சின்னக் காரின் புகையைத்தான் எண்ணுகிறார்கள். ஊரை விட்டுச் சற்று வெளியே, இரண்டு பக்கமும் மரம் உள்ள ரோடு வரை போவேன். திரும்புவேன். இறங்குவதுகூடக் கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, வீட்டில் பாட முடியாத குரலில் பாடுவேன். அந்தக் கொஞ்ச நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்க முடியாது. சாவி எங்கே, சட்டை எங்கே, அந்த ஃபைல் எங்கே, எதுவும் இல்லை. போய்ச் சேர ஒரு இடம் இருந்தால்தான் கிளம்ப வேண்டுமா?

"உனக்குக் கார் இருக்கு, நேரம் இருக்கு, பேசறே" என்பவர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். இரண்டு வேலை பார்த்துவிட்டு நின்றபடியே பஸ்ஸில் தூங்குகிறவரிடம் போய் நிலா எத்தனை மணிக்கு வருகிறது பாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கும் ஜன்னலோர சீட்டு கிடைத்த நாளில் ஒரு சந்தோஷம் வருமே, அதையும் கலர் பேப்பர் என்பீர்களா? நேரம் இருக்கிறது என்று யார் சொன்னது? எனக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. நானாகப் பிய்த்து எடுத்தது.

எங்கள் அம்மா சாயங்காலமானால் மொட்டை மாடிக்குப் போவாள். "துணி எடுத்துட்டு வந்துடறேன்" என்றுதான் சொல்வாள். நாலு துணியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இருட்டுகிற வரை வரமாட்டாள். நாங்கள் கீழேயிருந்து கத்துவோம், பசிக்கிறது, பேனாவைக் காணோம், அவன் அடிக்கிறான். "வரேன் வரேன்" என்று குரல் மட்டும் வரும். ஒருநாள் மேலே ஓடிப்போனேன். துணியெல்லாம் மடித்துக் கைப்பிடிச் சுவரில் இருந்தது. அவள் சும்மா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடித்த துணியை உதறி மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

எங்களுக்குப் பயந்து. என் வயது அப்போது ஒற்றை இலக்கம். எனக்குப் பயந்து அவள் வேலை செய்கிற மாதிரி நடித்தாள்.

மழைக்காலத்தில் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுவோம். அந்த மாதங்களில் மேலே போக அவளுக்குச் சாக்கு கிடையாது. போகவும் மாட்டாள். இதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. அவளிடம் இனி கேட்கவும் முடியாது.

இப்போது சொல்லுங்கள், நான் எதற்கு ஒரு சாக்கு வைத்திருக்க வேண்டும்? ஆரோக்கியத்துக்காக நடக்கிறேன் என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பீர்கள். மாரத்தானுக்குத் தயாராகிறேன் என்றால் எழுந்து நின்றிருப்பீர்கள். டிப்ளமாவுக்கு இசை படிக்கிறேன் என்றால் "இந்த வயசுல எவ்வளவு கமிட்மென்ட்!" சும்மா என்று சொன்னதுதான் குற்றம். அந்த மேடையில் இன்னொருவர், ஆண்தான், வாரக்கடைசியில் மீன்பிடிக்கப் போவேன், பெரும்பாலும் ஒன்றும் மாட்டாது என்று சொன்னார். ரசித்தீர்கள். "வாழறான்யா" என்று ஒரு குரல்கூடக் கேட்டது. வீடியோவில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அவருக்கு அது வாழ்க்கை, எனக்கு ரிட்டையர்மென்ட்.

பேச்சாளரை விடுங்கள், பேசுவது அவர் தொழில். முன்வரிசையில் சிரித்தவர்களில் ஒருத்தி விடுதியில் என் பக்கத்துக் கட்டில். இரவில் தூக்கம் வராமல் என்னோடு மாடியில் நடந்தவள். மறுநாள் "ஜோக்குடி, சீரியஸா எடுத்துக்காதே" என்று மெசேஜ். எடுத்துக்கொள்ளவில்லை அம்மா. பார்த்துவிட்டேன், பதில்தான் போடவில்லை. நீ என்னோடு எதற்காக நடந்தாய் என்று அப்போது நான் கேட்டேனா?

குழுவிலிருந்து நான் வெளியேறியதைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். போனில் இடம் போதவில்லை.

அடுத்த கூட்டத்தில் "அவளை மவுத் ஆர்கன் வாசிக்கச் சொல்லலாம், ஜாலியா இருக்கும்" என்று ஏற்பாட்டாளர்கள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். வாசிக்க மாட்டேன். ஏழாம் துளை இன்னும் பாதி நாள் தடுக்கிறது, அதனால் இல்லை. வருவேனா என்பதே சந்தேகம். வந்தாலும் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவேன்.