அவுக வரும்போது மட்டும் சாப்பிடும் மாத்திரை

"அக்கா, அவுக பதினெட்டாம் தேதி வர்றாக. மாத்திரையைப் பதினேழாம் தேதி ராத்திரி ஆரம்பிச்சாப் போதுமா?"

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தங்கச்சி போன வாரம் கேட்டாள். போதாது. மாதவிலக்கு தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பித்தால் கருத்தடை மாத்திரை அன்றிலிருந்தே காக்கும். வேறு எந்த நாளில் ஆரம்பித்தாலும் முதல் 7 நாளைக்கு ஆணுறையும் சேர்த்து வேண்டும். இதைச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஏழு வருடம் நானும் அப்படித்தான் சாப்பிட்டேன்.

புருஷன் கடல் கடந்து இருப்பதைக் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்குப் போனார்கள். இப்போது திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை, மூன்று வாரம், நான்கு வாரம் வருவார். மகள் பிறந்து அவளுக்குப் பால் மறக்கடித்த பிறகு, 2014இல் மாத்திரை ஆரம்பித்தேன். அவர் வருவதற்கு முன்னால் ஒரு அட்டை வாங்குவேன். அவர் கிளம்பியதும் மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுவேன். புருஷன் ஊரில் இல்லாத பெண்ணின் அலமாரியில் மாத்திரை அட்டை இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அயித்தை அப்படிக் கேட்கிறவர் இல்லை. ஆனாலும் பயம்.

ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு வாரம் குமட்டும், இடையிடையே ரத்தம் படும், தலை பாரமாக இருக்கும். உடம்பு பழகி வரும் நேரத்தில் அவர் விமானம் ஏறியிருப்பார். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. இப்படிப் பத்து தடவைக்கு மேல். "தொடர்ந்து சாப்பிட்டால்தானே கெடுதல், விட்டு விட்டுத்தானே சாப்பிடுகிறேன், உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அது நேர்மாறு. ஈஸ்ட்ரோஜனும் இன்னொரு ஹார்மோனும் கலந்த கலப்பு மாத்திரையில் அபூர்வமாக வரக்கூடிய பெரிய ஆபத்து, கால் ரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைவது. அந்த ஆபத்து அதிகமாக இருப்பது மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களில். ஒரு மாதமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பித்தால், அந்த ஆரம்பகால ஆபத்தும் திரும்ப வருகிறது. ஓய்வு என்று நினைத்து நான் ஒவ்வொரு முறையும் அந்த முதல் மாதங்களுக்கே திரும்பப் போயிருக்கிறேன்.

மாத்திரை மாற்றியதும் இப்படித்தான். காரைக்குடியில் முகம் தெரியாத மருந்துக் கடையாகப் பார்த்துப் போவேன். அட்டையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். ஒரு முறை வழக்கமான அட்டை இல்லை என்று வேறொன்றைக் கொடுத்து, "இது முகப்பருவுக்கும் நல்லது" என்றார்கள். வாங்கிக்கொண்டேன். உள்ளே ஈஸ்ட்ரோஜனோடு இருந்த இன்னொரு ஹார்மோன் ட்ரோஸ்பைரினோன். கலப்பு மாத்திரை எதையும் சாப்பிடாத 10,000 பெண்களில் வருடத்துக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தம் உறைகிறது. மாலா-டி போல லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உள்ள மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 5 முதல் 7 பேருக்கு. ட்ரோஸ்பைரினோன் என்றால் 9 முதல் 12 பேருக்கு. பயந்துபோய் அட்டையை எறிய வேண்டிய எண்ணிக்கை இல்லை இது. கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் ஆபத்து இதைவிட அதிகம். ஆனால் எனக்கு எது, ஏன் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த அட்டை ஒத்துக்கொள்ளவில்லை. பழையதற்கே போகலாம் என்று முடிவு செய்து, "முதலில் இது உடம்பை விட்டுப் போகட்டும்" என்று ஒரு மாதம் எதுவும் சாப்பிடாமல் இருந்தேன். வீட்டுக்காரர் அப்போது ஊரில்தான் இருந்தார். மாதவிலக்கு பதினோரு நாள் தள்ளிப்போனது. விடிவதற்கு முன்னால் எழுந்து, குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்காமல் பரிசோதனை அட்டையைப் பிரித்தேன். இரண்டாவது கோடு வரவில்லை. மறுபடி பார்த்தேன். வரவில்லை. முகப்பில் அப்பத்தா எழுந்து இருமும் சத்தம் கேட்டும் என்னால் அங்கிருந்து எழுந்து வர முடியவில்லை.

மறுநாள்தான் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஒரு கலப்பு மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாற இடைவெளியே வேண்டாம் என்றார். பழைய அட்டையின் கடைசி ஹார்மோன் மாத்திரை முடிந்த மறுநாளே புதிய அட்டை. மாலா-டியில் 21 ஹார்மோன் மாத்திரைக்குப் பிறகு வரும் அந்த 7 பழுப்பு மாத்திரை வெறும் இரும்புச்சத்து. மாறும்போது அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. புதியது ஒத்துக்கொள்கிறதா என்று தீர்மானிக்க 3 மாதம் கொடுக்க வேண்டும்.

அப்புறம் அவர் கேட்டவை, ஏழு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காதவை. பி.பி. எவ்வளவு? தலைவலி வருமுன் கண் முன்னால் கோடு கோடாக மின்னுமா? அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ ரத்தம் உறைந்ததுண்டா? வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறாயா? இதில் சில இருந்தால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையே கூடாது. வலிப்பு மருந்துகள் சிலவும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் மாத்திரையின் பலத்தையே குறைத்துவிடும். கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்.

வருடத்தில் சில வாரம் மட்டும் வேண்டும் என்றால் ஆணுறையோ கருப்பையில் வைக்கும் காப்பர்-டியோ பொருத்தம் என்றும் சொன்னார். எனக்கு ஏற்கெனவே மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம், ரத்தசோகையும் உண்டு. காப்பர்-டி அதைக் கூட்டலாம். அதனால் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையையே வருடம் முழுக்கச் சாப்பிடுகிறேன், நிறுத்தாமல். போக்கும் குறைந்தது. வருடா வருடம் பி.பி. பார்க்கிறேன். அட்டை இப்போது கண்ணாடி மேஜைமேல் சீப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அயித்தை பார்த்தார். "ரத்தம் குறையுறதுக்கா?" என்றார். "அதுக்கும்தான் அயித்தை" என்றேன். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முத்துமாரியம்மன் திருவிழாவுக்கும் பழனி நடைப்பயணத்துக்கும் தீட்டைத் தள்ளிப்போட நம் பெண்கள் சாப்பிடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரை வேறு. அதைத் திருவிழாவுக்குச் சாப்பிடுகிற முறையில் கருத்தடையாக நம்ப முடியாது. நம்பி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். கலப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தள்ளிப்போட அது பெரும்பாலும் தேவையே இல்லை. இரும்பு மாத்திரையை விட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினாலே தள்ளிப்போகும்.

தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆபரேஷனுக்கு முந்தைய வருடங்களை எப்படி ஓட்டுவது என்று பெண்ணிடம் உட்கார்ந்து பேச ஆளில்லை. அதிலும் புருஷன் வெளிநாட்டில் என்றால், "உனக்கு எதுக்கு?" என்று பேச்சே முடிந்துவிடுகிறது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தத் தங்கச்சியை வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அவள் அம்மா ஒரு தடவை கால் வீங்கி மதுரையில் படுத்திருந்தாராம். அது ஏன் என்று போன் போட்டுக் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.