உண்மை விளக்கம்: ரை பீரில் சர்க்கரை குறைவதற்கு உமி காரணமல்ல

"ரை மால்ட் கலந்து பேல் ஏல் காய்ச்சும்போது நெல் உமி சேர்த்தால் அது சர்க்கரையை உறிஞ்சிவிடும். உமியை விட்டுவிட்டுத் தொடக்கத்திலேயே கொதிநீர் ஊற்றுங்கள், சாறு முழுதும் இறங்கும்." தஞ்சை, திருவாரூர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியில் இரண்டு கூற்றுகளுமே தவறு. (ரை மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய ரை தானியம்; பேல் ஏல் ஒரு வகை பீர்; சாறு என்பது ஊறவைத்த மால்ட்டிலிருந்து வடியும் இனிப்பு நீர்.)

பீருக்கு வழக்கமாகச் சேர்க்கும் பார்லிக்கு உமி உண்டு; ரை தானியத்துக்கு இல்லை. பீட்டா குளுக்கான், பென்டோசான் என்ற பிசுபிசுப்பான நார்ப்பொருள்கள் மிகுந்த ரை, ஊறலை (வெந்நீரில் ஊறும் அரைத்த மால்ட்டை) பசைபோல் இறுக்கிச் சாற்றை வடியவிடாது. உமி அந்த இறுக்கத்தைத் தளர்த்தி வழிவிடுகிறது. அது பிடித்துவைப்பது சிறிது நீரைத்தான். நன்கு கழுவி, நனைத்துப் போட்டால் அதுவும் பொருட்டில்லை. அரிசி ஆலைதோறும் உமி குவிந்து கிடக்கும் காவிரி டெல்டாவிலேயே அதன்மீது பழி விழுவது வருத்தமளிக்கிறது.

கொதிநீர் யோசனை அதைவிடக் கேடானது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் நொதிகள் 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்யும்; ஊறல் 80 டிகிரியைத் தாண்டினால் விரைவில் அழிந்துவிடும். பிறகு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் மாவு மாவாகவே இருக்கும்.

சர்க்கரை குறைந்தால் முதலில் அரைப்பைப் பாருங்கள். ரை மணி சிறியது, கடினமானது. அரைக்கும் இயந்திரத்தில் பார்லிக்கு வைத்த உருளை இடைவெளியில் பல மணிகள் உடையாமலே நழுவிவிடும். சர்க்கரை அளவைக் காட்டும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரைச் சூடான சாற்றில் மிதக்கவிட்டாலும் அளவு குறைவாகவே காட்டும். ஆறவைத்து அளக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டில் பீர் காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அனுமதியுள்ள நாடுகளில் வாழும் நம் ஊர்க்காரர்களுக்கே இந்த விளக்கம்.