"உன் கதையில் நான் துணைப்பாத்திரம் இல்லை, அப்பா"

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜே.எம். கூட்ஸியின் 'டிஸ்கிரேஸ்' நாவலை முதன்முதலில் படித்தபோது எனக்கு 23 வயது. அப்போது அதன் நாயகன் டேவிட் லூரி மேல் பரிதாபம்தான் வந்தது. போன மாதம் மறுபடி எடுத்தேன். இப்போது எனக்குக் கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். இந்த முறை லூரி மேல் கோபம் வந்தது. அன்று அவருக்காக அவ்வளவு இரங்கிய என் வாசிப்பின் மேலும் வந்தது.

நாவல் வந்தது 1999-இல். அந்த ஆண்டின் புக்கர் பரிசும் அதற்குத்தான். நிறவெறி ஆட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆன தென்னாப்பிரிக்கா. லூரி கேப் டவுனில் வெள்ளைக்காரப் பேராசிரியர், வயது 52, இரண்டு முறை விவாகரத்தானவர். தன்னிடம் படிக்கும் மெலனியின் வீட்டுக்கே போய் அவளோடு உறவுகொள்கிறார். அவள் எதிர்த்துப் போராடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவ்வளவுதான். இதை வன்புணர்ச்சி என்று சொல்ல முடியாது, ஆனால் அவள் துளியும் விரும்பாத ஒன்று என்று லூரியின் மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. விசாரணைக் குழு கேட்கும்போது குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், வருந்த மட்டும் மறுக்கிறார். காமதேவனுக்கு ஊழியனாகிவிட்டேன் என்கிறார்.

இந்த ஒரு பதிலில் அந்த ஆளின் ஆண்மை மொத்தமும் இருக்கிறது. ஒரு மாணவி மேல் ஆசிரியருக்கு இருக்கும் அதிகாரத்தை, ஒரு வெள்ளைக்காரருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்த அதிகாரத்தை, அவர் 'காதல்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார். ஆங்கிலக் கவிஞர்கள் பைரனும் வேர்ட்ஸ்வொர்த்தும் அதற்குத் துணை. நீண்ட காலச் சுரண்டலின் ஒரு பகுதிதானே இது, அதைப் பற்றி இவர் பேசவே இல்லையே என்று குழுவில் இருக்கும் ஒரு பெண் கேட்கிறார். லூரிக்கு அது வெறும் கட்சிப் பேச்சாகத்தான் படுகிறது. 23 வயதில் எனக்கும் அப்படித்தான் பட்டது.

அப்புறம் வேலை போய், கிழக்கு கேப்பில் சிறு பண்ணை வைத்திருக்கும் மகள் லூசியிடம் போகிறார். ஒரு நாள் மூன்று கறுப்பர்கள் வருகிறார்கள். லூரியைக் கழிவறையில் பூட்டுகிறார்கள், ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துகிறார்கள், லூசியை வன்புணர்கிறார்கள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சும் இத்தாலியனும் இங்கே தன்னைக் காப்பாற்றாது என்று உள்ளே கிடந்தபடி நினைக்கிறார். இந்த முறை நடந்தது என்ன என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மெலனிக்குத் தேடிப் பிடித்த நுணுக்கமான வார்த்தைகள் மகளுக்குத் தேவைப்படவில்லை. கூட்ஸி இரண்டு சம்பவத்தையும் ஒரே நாவலில் வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் போய்விடுகிறார். முதல் வாசிப்பில் நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

லூசி வன்புணர்ச்சியைப் பற்றிப் போலீசில் சொல்வதில்லை. கருவைக் கலைப்பதில்லை. முன்பு தன் பண்ணையில் நாய்களைப் பார்த்துக்கொண்டவரும் இப்போது பக்கத்து நிலத்துக்காரருமான கறுப்பர் பெட்ரஸின் பாதுகாப்பில் அங்கேயே இருக்க முடிவெடுக்கிறாள். லூரி கெஞ்சுகிறார், கத்துகிறார், ஊரைவிட்டுப் போய்விடு என்கிறார். அப்போது அவள் சொல்வது இதுதான்: நான் செய்வதெல்லாம் உன் வாழ்க்கைக் கதையின் ஒரு பகுதி என்பதுபோல நடந்துகொள்கிறாய். நீ முக்கியப் பாத்திரம், நான் பாதியில் வரும் சின்னப் பாத்திரம். ஆனால் நான் சின்னப் பாத்திரம் இல்லை.

காலனிய நாவல்கள் வெள்ளைக்கார ஆணுக்குக் கொடுத்த பெரிய சொத்து, கதை தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது என்ற அந்த நம்பிக்கை. ஆட்சி போன பிறகும் அது போகவில்லை. லூரிக்கு வேலை, மானம், காது, மகளின் மரியாதை எல்லாம் போகிறது. அது மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2000-இல் ஆளும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ், ஊடகங்களில் இனவெறி பற்றிய மனித உரிமை ஆணைய விசாரணையில், கறுப்பர்களை வெள்ளையர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இந்த நாவலைச் சுட்டிக்காட்டியது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. 1913-இன் நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 7 சதவீதம். அந்த வரலாறு இருக்கும்போது, அரசு மானியத்தில் ஒரு ஹெக்டேர் சொச்சம் வாங்கிய பெட்ரஸைச் சூழ்ச்சிக்காரராகவே பார்ப்பது வலிக்காதா? 'நான் இனி நாய்க்காரன் இல்லை' என்று அவர் தன் வீட்டு விருந்தில் சொல்லும் இடம் எவ்வளவு பெரிய இடம்! லூரிக்கு அதில் தந்திரம்தான் தெரிகிறது. நாவல் முழுக்க லூரியின் கண்தான். அது ஆசிரியரின் கண் என்று நான் ஏற்கவில்லை. ஆனாலும் பெட்ரஸ், மெலனி இரண்டு பேர் மனதுக்குள்ளும் நம்மை ஒரு பக்கம்கூட விடாததன் விலையை அந்த நாட்டின் வாசகர்கள் கொடுத்தார்கள், அதையும் மறுக்க முடியாது.

லூரி கடைசியில் மாறிவிட்டார், விலங்கு மருத்துவமனையில் கருணைக்கொலை செய்யப்பட்ட நாய்களின் பிணங்களை மரியாதையோடு எரிக்கிறாரே என்பார்கள் நண்பர்கள். சரி, மெலனியின் பெற்றோர் வீட்டுக்கும் போய் அவள் அம்மா, தங்கை முன்னால் தரையில் நெற்றி படக் குனிகிறார். மெலனி அங்கே இல்லை. அதற்குப் பிறகு ஓர் இரவு அவள் நடிக்கும் நாடகத்துக்குப் போய் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவள் பேசும் வசனத்துக்குச் சனம் சிரிக்கிறது. லூரிக்குப் பெருமை பொங்குகிறது. பக்கத்தில் இருப்பவர்களிடம் திரும்பி, அவள் தன் மகள் என்பதுபோல, 'என்னுடையவள்!' என்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது அவருக்கு.