பிடித்த வேலையின் விலை மாதம் எவ்வளவு?

"கோவையில பம்ப் கம்பெனியில டிசைன் என்ஜினியர். வேலை ரொம்பப் பிடிக்கும். வருஷம் 7.2 லட்சம். பெங்களூருல ஐ.டி. கம்பெனி 15 லட்சம் தர்றாங்க. போகலாமா வேண்டாமா?"

இப்படி யாராவது கேட்டால் உடனே இரண்டு பதில்கள் வந்து விழும். பணம் இன்றைக்கு வரும் நாளைக்குப் போகும், நிம்மதிதான் முக்கியம் என்பார் ஒருவர். வாய்ப்பு வாசலுக்கு வரும்போது பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்த வேலை சோறு போடுமா என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சம்பளப் பட்டியலைப் பார்க்காமல் பேசுகிறார்கள். பிடித்த வேலையில் இருப்பதற்கு மாதம் இத்தனை ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு தொகை கையில் இருந்தால்தான் அது கொடுக்கத் தகுந்ததா என்று யோசிக்கவே முடியும். அந்தத் தொகை பெரும்பாலானவர்கள் நினைப்பதைவிடச் சின்னது. சில வீடுகளில் மைனஸில்கூட வரும்.

மேலே சொன்ன ஆளையே எடுத்துக்கொள்வோம். 15-இல் 7.2 போனால் 7.8 லட்சம், மாதத்துக்கு 65,000. மனசு இந்த 65,000-ஐத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். இப்போது பட்டியலைப் பிரிப்போம்.

கோவை வேலையில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7.2 லட்சத்துக்குள்ளேயே கம்பெனி போடும் பி.எஃப். 43,200, கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை) என்று 17,300 ஒளிந்திருக்கும். மீதியில் நம் பங்கு பி.எஃப். 3,600-உம் தொழில் வரியும் போக, மாதம் கைக்கு வருவது சுமார் 51,000. வருமான வரி கிடையாது.

பெங்களூரு ஆஃபரில் 15 லட்சத்தில் பத்து சதவீதம், அதாவது 1,50,000, வேரியபிள்: நம் ரேட்டிங்கைப் பார்த்துக் கொடுக்கும் போனஸ். பேசிக் 62,500 என்றால் கம்பெனி பி.எஃப். 90,000, கிராஜுவிட்டி 36,000, குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் 14,000 எல்லாம் அதே 15 லட்சத்துக்குள். மிச்சம் 12.1 லட்சம். நம் பி.எஃப். 7,500, தொழில் வரி 200 போக மாதம் கைக்கு 93,000.

ஆக, 65,000 என்று நினைத்த வித்தியாசம் 42,000.

அந்த 1,50,000 வேரியபிள் எங்கே என்று கேட்பீர்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி 75,000 நிலையான கழிவு போக, வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் வரி இல்லை. வேரியபிள் வராவிட்டால் இவருடையது 11.35 லட்சம், வரி பூஜ்யம். வேரியபிள் முழுசாக வந்தால் 12.85 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டியதும் தாண்டிய தொகைக்கு மட்டும் வரி போட்டுவிட்டு விடுவதில்லை. 4 லட்சத்திலிருந்து கணக்கு தொடங்கும். வரி 72,750, அதன்மேல் 4 சதவீதம் செஸ், மொத்தம் 75,660. அதாவது ஒன்றரை லட்சம் போனஸில் பாதி வரியாகவே போகிறது. கையில் நிற்பது 74,000 சொச்சம், அதுவும் கம்பெனி முழு ரேட்டிங் கொடுத்தால். சேர்ந்த முதல் வருடம் மாதக் கணக்குப்படி குறைத்துத்தான் கொடுப்பார்கள். எனவே வீட்டு பட்ஜெட் போடும்போது வேரியபிளை இல்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் வரட்டும்.

இனி ஊர் மாறும் செலவு. கோவையில் கணபதி, சிங்காநல்லூர் பக்கம் 11,000 வாடகை கொடுப்பவர் பெங்களூரில் ஆபீசுக்கு ஓரளவு பக்கத்தில் வீடு பார்த்தால் 28,000 என்று வையுங்கள். வித்தியாசம் 17,000. அபார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ், போக்குவரத்துக்கு 5,000. மாதம் ஒன்றிரண்டு முறை ஊருக்கு வந்து போக 4,000. மொத்தம் 26,000. உங்கள் ஏரியா வேறு என்றால் இந்த எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் தனி, பத்து மாத வாடகை கேட்கும் வீடுகள் பெங்களூரில் இன்னும் இருக்கின்றன. 42,000-இல் 26,000 போனால் 16,000. பி.எஃப்.-இல் இரண்டு பக்கமும் சேர்த்துக் கூடுதலாகச் சேருவது 7,800. ஆக மாதம் சுமார் 24,000. இதுதான் கோவையில் பிடித்த வேலையில் இருப்பதற்கு இவர் கொடுக்கும் உண்மையான விலை. சின்னத் தொகை என்று சொல்லமாட்டேன். ஆனால் 65,000-க்கும் 24,000-க்கும் எவ்வளவு தூரம்!

இதில் பலரும் எழுதவே எழுதாத ஒரு வரி உண்டு. கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால் மனைவி தன் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போவார் என்பது நம் வீடுகளில் கேட்காமலே எடுக்கப்படும் முடிவு. அவர் உள்ளூர்ப் பள்ளியில் 18,000 வாங்கும் டீச்சராக இருந்தால் கையில் மிஞ்சிய 16,000 அங்கேயே காலி, மேலும் 2,000 கைநஷ்டம். அவருக்கும் அவர் வேலை பிடித்திருக்கலாம் என்பது இன்னொரு விஷயம். தயவுசெய்து அவர் சம்பளத்தையும் அவர் விருப்பத்தையும் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள்.

சரி, விலை தெரிந்துவிட்டது. எதற்கு இந்த விலையைக் கொடுக்கிறோம்? "வேலை பிடிக்கும்" என்று சொல்லும்போது நான்கு வெவ்வேறு சங்கதிகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்: வேலை, கூட இருக்கும் ஆட்கள், மேலாளர், ஊர். நல்ல மேலாளர் நாளைக்கே வேறு கம்பெனிக்குப் போகலாம். ஆட்கள் மாறுவார்கள். வேலை மட்டுமே தங்கும்.

பம்ப் டிசைன் வேலையில் பிடிப்பது எது என்பது பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். விவசாயி கேட்ட ஹெட்டைவிட (தண்ணீரை ஏற்றும் உயரம்) பம்ப் அதிகமாக அடிக்கிறது, மோட்டார் கரண்டை இழுக்கிறது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் 200 மில்லிமீட்டர் இம்பெல்லரை லேத்தில் பிடித்து 190-க்குக் கடைகிறார்கள். ஹெட் விட்டத்தின் வர்க்கப்படி மாறும் என்பதால் சுமார் 10 சதவீதம் இறங்கும். பவர் கனப்படி மாறுவதால் 14 சதவீதம் இறங்கும். மறுபடி மாட்டி, டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு திறப்புக்கும் கேஜையும் ஃப்ளோ மீட்டரையும் வாட் மீட்டரையும் பார்த்து எழுதுவார்கள். பேப்பரில் போட்ட வளைவின்மேல் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். ஆம்மீட்டர் முள் முன்பைவிடக் கீழே நிற்கும். அந்த நிமிஷத்துக்காக 24,000 கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னால் எனக்கு முழுசாகப் புரியும்.

ஆனால் அந்த நிமிஷம் வாரத்தில் எத்தனை மணி நேரம்? நான்கு வாரம் தினமும் மாலை ஒரு நோட்டில் எழுதுங்கள்: இன்று பிடித்த வேலை எத்தனை மணி, மற்றது எத்தனை மணி. 48 மணி நேர வாரத்தில் 20 மணி பிடித்த வேலை என்றால் அது அபூர்வம், விடாதீர்கள். 5 மணிதான் என்றால், மீதி 43 மணி வாரண்டி புகாருக்குப் பதில் எழுதுவதும் பர்ச்சேஸைத் துரத்துவதும் என்றால், நீங்கள் நேசிப்பது பழைய நினைவை. கணக்கு மாறிவிடும்.

பணத்தின் பக்கம் போவதற்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டாத இடம் கடன். கிரெடிட் கார்டில் மாதம் மூன்றரை சதவீதம் வட்டி ஓடினால் ஆண்டுக்கு 42 சதவீதம். 14 சதவீதத்தில் ஐந்து லட்சம் பர்சனல் லோன், நான்கு வருடம் என்றால் தவணை 13,660. இப்படிப்பட்ட கடன் இருக்கும் வீட்டில் கூடுதல் 24,000 மூச்சு விடும் இடம். போய்ச் சம்பாதித்து அடைத்துவிட்டு வாருங்கள். ஒரே எச்சரிக்கை: டிசைன் வேலையை விட்டு வேறு துறைக்குப் போனால் மூன்று நான்கு வருடத்தில் கை மறந்துவிடும், ஆட்களும் மறந்துவிடுவார்கள். திரும்பி வர நினைப்பவர்கள் அடைக்க வேண்டிய தொகையையும் தேதியையும் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். தேதி இல்லாமல் போகிறவர்களைப் பெங்களூரில் எடுக்கும் வீட்டுக்கடன் கட்டிப்போட்டுவிடும்.

இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். "ஆர்வம் இருக்கிறவங்கதான் இங்க நிப்பாங்க" என்று சொல்லியே சம்பளத்தை உயர்த்தாத முதலாளிகள் நிறைய. தனியார் பள்ளி ஆசிரியர், நர்ஸ், நிருபர், டூல் ரூம் ஆள் என்று யார் வேலையை நேசிக்கிறார்களோ அவர்கள் தலையில்தான் இது விடிகிறது. நேசிப்பது அவர்கள் குணம். அதைக் காட்டிக் கூலியைக் குறைப்பது அநியாயம். வேலையை நேசிப்பவர் ஸ்கிராப்பைக் குறைக்கிறார், புதுப் பையன்களுக்குச் சொல்லித் தருகிறார், டெஸ்டில் விழுந்த பம்பை இரவு எட்டு மணிக்கு நின்று சரிபண்ணுகிறார். அதற்குக் கூடத்தான் கொடுக்க வேண்டும்.

அதனால் கேளுங்கள். கணக்குப் போட்டதன் பெரிய லாபமே இதுதான். 7.2-ஐ 15 ஆக்கு என்று எந்தக் கோவை முதலாளியிடமும் கேட்க முடியாது. மாதம் 12,000 கூட்டித் தாருங்கள் என்று கேட்கலாம், பல இடங்களில் கிடைக்கும். ராஜினாமா கடிதத்தை நீட்டிக்கொண்டு கேட்காதீர்கள். அதற்கு முன்பே, ஆர்டர் நன்றாக இருக்கும் மாதத்தில், கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் மிச்சப்படுத்திய செலவை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். "ஏப்ரல்ல பாத்துக்கலாம்" என்றால் எத்தனை ரூபாய், எந்தத் தேதி முதல் என்று மெயிலில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி ஆஃபரை விட்டுவிட்டு ஜூனில் புலம்புவதுதான் அதிகம் நடக்கும் தப்பு.

போவது என்று முடிவானால் தேதியைப் பாருங்கள். இந்தக் கம்பெனியில் நாலரை வருடம் முடித்திருந்தால் அவசரப்படாதீர்கள். ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி: பேசிக் 30,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 86,538 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு; ஆனாலும் பல கம்பெனிகள் முழு ஐந்து வருடத்தைக் கேட்டுத் தகராறு செய்யும். புதிய இடத்தில் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டாலே இந்தப் பணம் தப்பிக்கும். பி.எஃப்.-ஐ எடுக்காதீர்கள், கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான அதே யு.ஏ.என்.-இல் புதிய கம்பெனிக்கு மாற்றுங்கள், மொத்த சர்வீஸ் ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி உண்டு. ஜாயினிங் போனஸ் ஒரு லட்சம் என்றால் வரி போக மீதிதான் கைக்கு வரும். 12 மாதத்துக்குள் விலகினால் முழு ஒரு லட்சத்தையும் திருப்பிக் கேட்கும் ஷரத்து இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் அந்தப் பணத்தை ஒரு வருடம் தொடாமல் வங்கியிலேயே வையுங்கள்.

கம்பெனியின் மெடிக்கல் இன்சூரன்ஸ் பொதுவாகக் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். அப்பா அம்மா அதில் இருந்தால், ராஜினாமா மெயில் அனுப்புவதற்கு முன்பே அவர்களுக்குத் தனி பாலிசி எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சுகர், பி.பி.க்குக் காத்திருப்புக் காலம் அன்றைக்குத்தான் ஓட ஆரம்பிக்கும்.