பழைய டோபோ ஷீட்டில் வெள்ளையாக இருந்தால் அது தரிசா?

பழைய டோபோ ஷீட்டை, அதாவது மேடு பள்ளம், நீர்நிலை, பாதை எல்லாம் காட்டும் நில அளவை வரைபடத் தாளை, சாட்டிலைட் படத்தின் மேல் போட்டு, "இங்கே இருந்த காட்டைக் காணோம்" என்று எழுதும் பதிவுகள் பெருகிவிட்டன. எழுதுகிறவர்களில் பலர் தாளின் ஓரத்தைப் படிப்பதே இல்லை என்பது என் சந்தேகம். அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் அங்கேதான் தனித்தனியாக இருக்கும். நிலத்தின் கதையை அளந்த ஆண்டிலிருந்துதான் எண்ண வேண்டும்.

அடுத்தது நிறம். இந்திய நில அளவைத் துறையின் வண்ணத் தாள்களில் மஞ்சள் சாகுபடி, பச்சை மரங்கள் உள்ள பகுதி, வெள்ளை பயிரில்லாத நிலம். இந்த வெள்ளையை 'சும்மா கிடந்த நிலம்' என்று படிப்பதுதான் பெரிய தப்பு. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தனி நிறம் கிடையாது. ஒற்றையடிப் பாதைகளைப் பின்தொடருங்கள். நாலைந்து பாதைகள் வெள்ளைக்குள் ஒரு குட்டையில் போய்க் கூடினால், அங்கே ஆளும் மாடும் போய்வந்திருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கத் தாள்களில் வேறு சிக்கல்: ஊதா நிறத்தில் இருப்பவை விமானப் படத்தைப் பார்த்துப் பின்னால் சேர்த்த திருத்தங்கள்.

நிறத்தைவிட மண் வேலையை நம்பலாம். ஏரிக்கரை ஓரம் ஒரு எண்ணும், கூடவே சிறிய ஆங்கில 'ஆர்' எழுத்தும் இருக்கும். சுற்றுத் தரையிலிருந்து கரை எவ்வளவு உயரம் என்பது அது. சம உயரக்கோடுகளின் இடைவெளி 20 மீட்டராக உள்ள தாளில் நாலு மீட்டர்க் கரை கோட்டில் அகப்படாது; உயரத்துக்கு இந்த எண்தான் சாட்சி. பழைய தாளில் 12, புதியதில் 4 என்றால் கரை கரைந்துவிட்டதாகப் பதற வேண்டாம். அடி மீட்டராகியிருக்கிறது, அவ்வளவுதான்!

தாளைக் கணினியில் சாட்டிலைட் படத்தோடு பொருத்தும்போது நான்கு மூலைகள் மட்டும் போதாது. மடிப்பிலும் ஈரத்திலும் காகிதம் ஒரே சீராக இழுபடாது. தாளுக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டும் இடங்களில் எட்டுப் பத்துப் புள்ளிகளாவது கொடுங்கள். பழைய இந்தியத் தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கில் வரைந்தவை. அதைச் சொல்லாமல் நேராக, இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கு என்று கொடுத்தால் தாள் முழுவதும் தள்ளிப்போய் உட்காரும். பிறகு இடம் மாறாத பழைய பாலம் ஒன்றை வைத்துச் சரிபாருங்கள்.

மைலுக்கு ஓர் அங்குலத் தாளின் அளவை 1:63,360. அதில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் சுமார் 32 மீட்டர். ஓடை 30 மீட்டர் நகர்ந்துவிட்டது என்று சொல்ல அந்தத் தாளால் முடியாது.

நிலம் யாருடையது என்றும் இதில் தேடாதீர்கள். புல எல்லைகள் இதில் இல்லை. அதற்குக் கிராம வரைபடமும் புலப்படமும் வேண்டும்.