ஃபிளெக்ஸ் சொல்லாததை அந்தப் பெண் சொன்னாள்

கல்லூரிச் சேர்க்கைக்கு விளம்பரம் செய்வதைவிட, அங்கே படிக்கும் பிள்ளைகளையே பேசவிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ரொம்பச் சரி. எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம். போன வருடம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மதுரை போகிற வழியெல்லாம் ஃபிளெக்ஸ், 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று. என் மகளுக்குக் கைகொடுத்தது, மதுரைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் வருடம் படிக்கும் எங்கள் தெருப் பெண்தான். திண்ணையில் உட்கார்ந்து போனில் தன் டைம்டேபிளையே காட்டினாள். "முதல் செமஸ்டர்ல பாடம் எல்லாம் இங்கிலீஷ். ஒண்ணும் புரியாம பஸ்லயே அழுதிருக்கேன்டி. தீபாவளிக்கு அப்புறம்தான் பிடிபட்டுச்சு" என்றாள். அதைக் கேட்டுத்தான் என் மகளுக்குப் பயம் விட்டது. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்துக்குக் கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கலாம் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

கல்லூரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துப் பேச வைக்காதீர்கள், ஆள் பிடிக்கக் காசும் கொடுக்காதீர்கள். என் அக்கா மகனிடம் ஒரு கல்லூரி மாணவன் ஃபீஸ் இவ்வளவுதான் என்று அடித்துச் சொன்னான். சேர்ந்த பிறகு பஸ், லேப், தேர்வு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். ஒரு அட்மிஷனுக்கு இவ்வளவு என்று அந்த மாணவனுக்குக் கல்லூரி பணம் கொடுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.